போனில் பேசுவதற்கு எதற்குக் காசு? சேலத்தில் வீட்டிலிருந்தே கம்யூனிகேஷன் ஆலோசகராக இருப்பவர்கள் கொஞ்சம் வாருங்கள்

அழகாபுரத்து மாடி (செவ்வாய், இரவு 10:40)

வணக்கம் மக்களே. ரொம்ப நாளாக ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு எழுதாவிட்டால் தூக்கம் வராது.

சென்னையில் 11 வருடம் ஒரு மக்கள் தொடர்பு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். மாமனாருக்கு உடம்பு முடியாமல் போனதும் இரண்டு வருடத்துக்கு முன் சேலத்துக்கே வந்துவிட்டோம். அழகாபுரத்தில் வீடு, மாடியில் ஓர் அறை, அதுதான் அலுவலகம். கம்யூனிகேஷன் கன்சல்டன்ட் என்று அட்டை அடித்து வைத்திருக்கிறேன். பெங்களூரில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனிக்கு உள் இதழும் ஊழியர்களுக்கான அறிவிப்புகளும். லண்டனில் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு ஆண்டறிக்கையும் நன்கொடையாளர் கடிதங்களும். உள்ளூரில் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலை. இப்போதைக்குக் கடை இவ்வளவுதான்.

சிக்கல் என்னவென்றால், என் வேலை பார்ப்பதற்கு வேலை மாதிரியே இல்லை. ஐடி பையன் வீட்டில் உட்கார்ந்தால் திரையில் ஏதோ வரி வரியாக ஓடும், வீட்டில் ஒரு மரியாதை இருக்கும். நானோ பாதி நேரம் போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பேன். போன வாரம் அந்த உதிரிபாகக் கம்பெனியின் ஓசூர் ஆலையில் ஒரு ஷிப்ட் சூப்பர்வைசரிடம் பேச வேண்டியிருந்தது. நேரே கேட்டால் 'எல்லாம் நல்லாத்தாங்க போகுது' என்பதோடு முடிந்துவிடும். அதனால் மகள் கல்யாணம், முட்டி வலி, தண்ணீர் லாரிக்காரன் ஏற்றிவிட்ட விலை என்று 40 நிமிடம் சுற்றி வந்தேன். அதற்கப்புறம்தான் மனுஷர் வாயைத் திறந்தார். புது மெஷின் வரப்போகிறது என்று யாருமே அவர்களிடம் சொல்லவில்லையாம். காலையில் வேலைக்கு வந்து பார்த்தால், 16 வருடம் ஓட்டிய மெஷின் நின்ற இடத்தில் வெறும் எண்ணெய்க் கறைதான் இருந்ததாம். அந்த எண்ணெய்க் கறைக்காகத்தான் அந்த 40 நிமிடமும். அந்தக் கம்பெனியில் அறிவிப்பு எழுதும் முறையையே அதை வைத்துத்தான் மாற்றப் போகிறேன்.

சரியாக அதே நேரத்தில் அத்தை (மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன்) முறத்தில் முருங்கைக்கீரையோடு வாசலில் நிற்கிறார். "பேசிட்டுத்தானே இருக்கே, பேசிக்கிட்டே இதை உருவிடு கண்ணு." உருவினேன். என்ன செய்ய!

உள்ளூர் பார்ட்டிகளும் அத்தை கட்சிதான். "ரெண்டு வரி எழுதறதுக்கு இவ்வளவாங்க?" என்கிறார்கள். போனில் நான் பேசும் நேரத்துக்குப் பில் போட்டால், "பேசுறதுக்கு எதுக்குங்க காசு?"

என் கேள்வி இரண்டு. உள்ளூர் ஆட்களிடம் கட்டணத்தை எப்படிச் சொல்கிறீர்கள்? அடுத்தது, பேசாமல் ஏற்காட்டில் ஒரு சின்ன வீடு வாடகைக்கு எடுத்து, வாரத்தில் நான்கு நாள் அங்கே உட்கார்ந்தால் என்ன என்று வீட்டுக்காரர் கேட்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


தட்டுவடை செட் (செவ்வாய், இரவு 11:05)

அக்கா, எனக்கு இந்தத் தொழிலில் ஒன்றரை வயதுதான், அம்மாபேட்டையில் இருக்கிறேன். எங்கள் தெருவில் 14 வீட்டுக்கு நான்தான் கூரியர் ஆபீஸ், சிலிண்டர் வாங்கி வைக்கும் ஆள். "தம்பி வீட்லதானே இருக்கான்." பதில் எதுவும் இல்லை, கூட அழ ஒரு ஆள் இருக்கிறேன் என்று சொல்ல வந்தேன்.


இருபதாவது வளைவு (புதன், காலை 6:20)

ஏற்காடு என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஆறு வருடமாக மேலே இருக்கிறேன். மருத்துவக் கருவி கம்பெனிகளுக்குப் பயனர் கையேடுகளும் செய்திக் குறிப்புகளும் எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். காலை 6 மணிக்குக் கதவைத் திறந்தால் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் பனி நிற்கும், மரத்தைச் சுற்றி மிளகுக்கொடி, கீழே காப்பிச் செடி. யாரும் கீரை கொண்டு வர மாட்டார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் நான் எழுதுவதைக் கீழே முழு நாள் உட்கார்ந்தாலும் எழுத முடியாது. அது உண்மைதான்.

இப்போது மற்றது. வாடகைக்கு வீடு கிடைப்பதே கஷ்டம். வார இறுதிக்கு ஹோம்ஸ்டேயாக விட்டால் இரண்டு நாளில் வரும் காசு, உங்களிடம் ஒரு மாதத்துக்கு வராது என்று வீட்டு உரிமையாளருக்குத் தெரியும். என் முதல் வீட்டின் உரிமையாளர் ஒப்பந்தத்தில் எழுதாமல் வாய்மொழியாக ஒரு நிபந்தனை வைத்தார்: மே மாதம் மட்டும் காலி செய்து தர வேண்டும், ஜூனில் திரும்பி வரலாம். கோடை விழா நேரம் இல்லையா!

அப்புறம் ஈரம். தோல் பையில் பூஞ்சை, கேமரா லென்ஸில் பூஞ்சை, காகிதம் எல்லாம் அப்பளம் மாதிரி வளையும். லேப்டாப்பை ராத்திரி துணி அலமாரியில் ஒரு சின்ன பல்பு எரியவிட்டு உள்ளே வைக்கிறேன், சிரிக்காதீர்கள். இடி இடித்தால் முதலில் எல்லா ப்ளக்கையும் பிடுங்க வேண்டும். ஒரு ரூட்டரையும் ஒரு மானிட்டரையும் பலி கொடுத்துத்தான் இதைக் கற்றுக்கொண்டேன். கண்ணாடி இழை இணைப்பு இருக்கிறது, ஆனால் ஒரு மரம் விழுந்தால் போச்சு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது நினைவிருக்கும். எங்கள் பக்கம் கரன்ட்டும் இல்லை, இணைப்பும் இல்லை. மறுநாள் காலை ஒரு செய்திக் குறிப்பு வெளிவர வேண்டும். நான் என்ன ஆனேன் என்றுகூட அந்தக் கம்பெனிக்குத் தெரியாது. தகவல் தொடர்பு ஆலோசகர் தகவலே இல்லாமல் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன்.

அதிலிருந்து ஒவ்வொரு பார்ட்டியிடமும் ஒரு பக்கத் தாள் இருக்கும்: நான் 4 மணி நேரம் பதில் சொல்லாவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும், கடைசி வரைவு எந்த ஃபோல்டரில் இருக்கிறது, கடவுச்சொல் யாரிடம். பெங்களூரில் இருக்கும் தோழி ஒருத்தி எனக்கு மாற்று ஆள், அவளுக்கு நான். இதற்குக் காசு கிடையாது, கைமாற்று.

அதனால் என் யோசனை: ஏற்காட்டுக்குக் குடி வர வேண்டாம். மாதத்தில் மூன்று நாள், திங்கள் முதல் புதன் வரை, ஏதாவது எஸ்டேட் அறையில் தங்கி நீளமான வேலையை மட்டும் முடியுங்கள். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறவே ஏறாதீர்கள்.


அழகாபுரத்து மாடி (புதன், மதியம் 1:15)

மே மாதம் காலி செய்வதா! வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். ஏற்காட்டுத் திட்டம் அந்த இடத்திலேயே முடிந்தது. நன்றி சார்.


கொலுசுப் பட்டறை (புதன், இரவு 9:30)

மன்னிக்கணும், நான் உங்கள் தொழில் இல்லை. உங்களைக் கூப்பிட்டுக் காசு கொடுக்க வேண்டிய இடத்தில் இருக்கிறவன். சிவதாபுரம் பக்கம் மூன்று தலைமுறையாக வெள்ளிக் கொலுசு. எதிர்த் தரப்பையும் கேளுங்கள்.

போன வருடம் ஒரு ஆலோசகர் வந்தார். நல்ல சட்டை, நல்ல பேச்சு. பிராண்ட் வாய்ஸ், ஸ்டோரி, நரேட்டிவ் என்று ஒரு மணி நேரம் பேசிவிட்டு, மாதம் 35,000 என்றார். என்ன கொடுப்பீர்கள் என்று அப்பா கேட்டார். "உங்கள் கதையைச் சொல்லுவோம் சார்" என்றார். அப்பா எழுந்து போய்விட்டார். எங்களிடம் ஒரு கொலுசு வாங்க வருகிறவனுக்கு எடை தெரியும், எத்தனை டச் (வெள்ளியின் சுத்தம்) என்று தெரியும், கூலி எவ்வளவு என்று தெரியும். உங்கள் ஆட்களிடம் எடையும் தெரியவில்லை, டச்சும் தெரியவில்லை. அத்தோடு இப்போது போனிலேயே ஏஐ எழுதிக் கொடுத்துவிடுகிறது. தங்கை மகள் அதை வைத்துத்தான் இன்ஸ்டாகிராமில் போடுகிறாள்.

கோபப்படாதீர்கள். நிஜமாகவே கேட்கிறேன், அந்த அக்கா 40 நிமிடம் முட்டி வலி பேசியதற்கு நான் ஏன் கொடுக்க வேண்டும்?


ஓய்வுபெற்ற பி.ஆர்.ஓ. (வியாழன், காலை 5:50)

கொலுசுத் தம்பி கேட்டது நியாயமான கேள்வி. கோபப்பட ஒன்றும் இல்லை.

நான் ஒரு பெரிய ஆலையில் 27 வருடம் மக்கள் தொடர்பு பார்த்தவன். மின்னஞ்சல் இல்லாத காலம். செய்திக் குறிப்பைத் தட்டச்சு செய்து, ஸ்டென்சில் எடுத்து, உறையில் போட்டு, ஜங்ஷனுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் பையனை ஓடவிட்ட நாட்கள். அப்போதும் என் மேலதிகாரி இதே கேள்வியைத்தான் கேட்டார்: "நீ பாதி நேரம் நிருபர்களோடு டீ குடிக்கிறாய், அதற்கு ஏன் சம்பளம்?"

ஒருநாள் ராத்திரி ஆலையில் சின்ன விபத்து. ஒருவருக்குக் கையில் தீக்காயம். ஊருக்குள் அது "மூன்று பேர் செத்துவிட்டார்கள்" என்று ஆகிவிட்டது. ஒரு நிருபர் என் வீட்டுக்குப் போன் செய்தார். "சார், போடலாமா?" என்று ஒரே கேள்வி. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், 20 நிமிடம் கொடுங்கள் என்றேன். கொடுத்தார். காலையில் உண்மையான செய்தி வந்தது. அந்த 20 நிமிடம் எங்கிருந்து வந்தது? பல வருடம் குடித்த டீயில் இருந்துதான். அதைவிட முக்கியம், அதற்கு முன் ஒரு தடவைகூட நான் அவரிடம் பொய் சொன்னதில்லை.

வீட்டிலிருந்து வேலை செய்யும் இளையவர்களுக்கு ஒன்று. மாலை 5 மணிக்கு மேல் நாளிதழ் நிருபரைக் கூப்பிட்டு "நம்ம மேட்டர் என்ன ஆச்சு" என்று கேட்காதீர்கள். பதிப்பு மூடும் நேரம், வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள். காலை 11 மணிக்குள் கூப்பிடுங்கள். வீட்டில் உட்கார்ந்து மின்னஞ்சல் மட்டும் அனுப்புகிறவரை யாருக்கும் முகம் தெரியாது. மாதம் ஒரு தடவையாவது பிரஸ் கிளப் பக்கம் தலையைக் காட்டுங்கள்.


அழகாபுரத்து மாடி (வியாழன், இரவு 10:10)

ஐயா, அந்த 20 நிமிடக் கதைக்கு ஒரு கும்பிடு.

கொலுசு சார், உங்களுக்கு எடை காட்ட முயற்சி செய்கிறேன். இப்போது கையில் இருக்கும் சேகோ ஆலை வேலையைச் சொல்கிறேன், பெயர் இல்லாமல்.

ஜவ்வரிசி பற்றி வருடக்கணக்காக ஒரு வதந்தி சுற்றுகிறது. முன்பு மின்னஞ்சலில் வந்தது, இப்போது வாட்ஸ்அப்பில். சேலம் பக்கம் ரோட்டில் போனாலே நாற்றம் வரும், கிழங்கைக் குழியில் போட்டு மாதக்கணக்கில் அழுக வைக்கிறார்கள், புழு நெளியும், அதைக் காலால் மிதித்து மாவு எடுக்கிறார்கள், ஆகவே ஜவ்வரிசி சைவமே இல்லை. இதுதான் சாரம். நமக்கு அது பாயசம், வடாம். மகாராஷ்டிரத்தில் அது விரதச் சாப்பாடு. ஏகாதசி, சிவராத்திரி, நவராத்திரிக்கு சாபுதானா கிச்சடிதான். அங்கே இந்தச் செய்தி போனால் வியாபாரத்தின் அடிமடியிலேயே கை வைத்த மாதிரி.

முதலாளி என்னிடம் வரும்போதே விளம்பரத்தை எழுதிக்கொண்டு வந்திருந்தார். "எங்கள் ஜவ்வரிசியில் புழு இல்லை. நாங்கள் அழுக வைப்பதில்லை. காலால் மிதிப்பதில்லை." கொட்டை எழுத்தில். மராத்தியில் மாற்றி அங்கே நாளிதழில் போட வேண்டும், "நீங்க லேசா திருத்திக் கொடுங்கம்மா, 500 ரூபா தர்றேன்."

எண்ணிப் பார்த்தேன், அந்த அரைப்பக்கத்தில் புழு என்ற சொல் ஏழு இடத்தில் இருந்தது. வதந்தியைக் கேள்விப்படாத வீட்டுக்கும் இவரே காசு செலவு பண்ணிக் கொண்டுபோய்ச் சேர்க்கப் போகிறார். 'இல்லை' மறந்துபோகும், புழு நிற்கும். நான் செய்த முதல் வேலை அந்த விளம்பரத்தை நிறுத்தியது. அதற்கு ஒரு வரிகூட எழுதவில்லை. எடை பூஜ்யம்.

அடுத்து ஆலைக்குப் போனேன், ஆத்தூர் ரோட்டில். இரண்டு நாள் நின்று பார்த்தேன். குச்சிக்கிழங்கு (மரவள்ளி) லாரியில் வந்து இறங்குகிறது. கழுவி, தோல் உரித்து, அரைத்து, பாலை வடிக்கிறார்கள். திப்பி (சக்கை) தனியாகப் போகிறது. பால் தொட்டியில் தெளிந்து மாவு அடியில் படிகிறது. அந்த மாவைக் குலுக்கி உருட்டினால் மணி மணியாக வருகிறது. சலித்து, சூடான தட்டில் வறுத்து, களத்தில் காயப் போடுகிறார்கள். இதில் அழுக வைக்க வேண்டிய இடமே இல்லை. கிழங்கு பழசானால் மாவின் வெள்ளை போய்விடும், விலை விழும். அதனால் வெட்டிய கிழங்கைச் சீக்கிரம் அரைக்கத்தான் அவர்கள் பறக்கிறார்கள். இதைச் சொன்னவர் முதலாளி இல்லை, அரவையில் நிற்கும் அம்மா. அவரிடமும் 40 நிமிடம் ஊர்க்கதைதான்.

ஆனால் நாற்றம் நிஜம். கழிவுநீர்க் குட்டையில் இருந்து வருகிறது. அதை முதலாளியிடம் சொன்னபோது முகம் மாறிவிட்டது. குட்டையைச் சரி பண்ணாமல் வீடியோ எடுத்தால் நாளைக்கு வேறு எவனாவது அதையும் எடுத்துப் போடுவான் என்றேன். ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம் அவரே கூப்பிட்டார், வேலை ஆரம்பித்தாயிற்று.

ஏஐ எழுதும் சார். அழகாகவே எழுதும். அந்தப் புழு விளம்பரத்தைக் கொடுத்தால் இன்னும் அழகாகத் திருத்திக் கொடுக்கும். போடாதே என்று சட்டையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.


கொலுசுப் பட்டறை (வியாழன், இரவு 11:40)

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஏழு புழுவில் சிரித்துவிட்டேன், அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன்.

அவர் ஒன்று சொன்னார். "இதைச் செய்கூலி, சேதாரம்னு சொல்லச் சொல்லு, எவனும் கேள்வி கேக்க மாட்டான்." யோசித்தால் சரிதான். பட்டறையில் கம்பி இழுக்கும்போது, ராவும்போது வெள்ளி கொஞ்சம் போகும். கொலுசில் அது தெரியாது, ஆனால் கணக்கில் உண்டு. நீங்கள் எழுதிக் கிழித்துப் போட்டது, நிறுத்தியது, முட்டி வலி பேசியது எல்லாம் சேதாரம். முதலிலேயே சொல்லிவிட்டால் கொடுப்போம். வேலை முடிந்த பிறகு பில்லில் பார்த்தால்தான் எரிகிறது. அந்த நல்ல சட்டைக்காரர் இதைச் சொல்லவே இல்லை.


இருபதாவது வளைவு (வெள்ளி, காலை 6:05)

அப்பாவை இந்தத் தொழிலுக்கு அனுப்பி வையுங்கள் தம்பி.

நான் பக்கக் கணக்கு, மணிக்கணக்கு இரண்டையும் விட்டுவிட்டேன். மணிக்கணக்கில் வேகமாகச் செய்கிறவனுக்குத்தான் நஷ்டம். பக்கக் கணக்கில் சுருக்கமாக எழுதுகிறவனுக்கு நஷ்டம், நம் தொழிலே சுருக்கமாக எழுதுவதுதானே? இப்போது இரண்டே வகை. புது ஆள் என்றால் முதலில் ஒரு சின்ன ஆய்வு வேலை, அதற்குத் தனிக் கட்டணம், பாதி முன்பணம்: போய்ப் பார்த்து, நாலு பேரிடம் பேசி, என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று மூன்று பக்கத்தில் எழுதிக் கொடுப்பேன். பிடிக்கவில்லை என்றால் அந்த மூன்று பக்கத்தோடு வேறு யாரிடமும் போகலாம். பிடித்தால் மாதக் கட்டணம். அதில் என்னென்ன அடங்கும், எத்தனை தடவை திருத்தம் (நான் இரண்டு வைத்திருக்கிறேன்), ராத்திரி கூப்பிட்டால் எவ்வளவு என்று எல்லாம் எழுத்தில். "யார் ஒப்புதல் கொடுத்தால் முடிந்தது" என்று ஒருவர் பெயரைப் போட்டுக்கொள்ள மறக்காதீர்கள். இல்லாவிட்டால் மச்சான், சித்தப்பா மகன் என்று ஆளுக்கு ஒரு திருத்தம் வரும்.


கணக்குப்பிள்ளை (வெள்ளி, இரவு 8:00)

செவ்வாய்பேட்டையில் வரி ஆலோசனை பார்க்கிறேன். உங்கள் ஆட்கள் என்னிடம் வரும்போதெல்லாம் இதே நாலு சந்தேகம்தான், ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

வருட வரவு 20 லட்சம் தாண்டும் வரை சேவைத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் இல்லை. வெளி மாநிலத்துக்குச் செய்தாலும் அப்படித்தான். தாண்டினால் 18 சதவீதம். லண்டன் பார்ட்டி வெளிநாட்டுப் பணத்தில் கொடுத்தால் அது ஏற்றுமதி. பதிவு செய்தவர்கள் எல்யூடி என்ற உறுதிமொழியை ஒவ்வொரு நிதியாண்டும் கொடுத்துவிட்டால் வரி கட்டாமலே பில் போடலாம். வங்கியில் பணம் வந்ததற்கான சான்றை எடுத்து வையுங்கள்.

கம்பெனிகள் தொழில்முறைக் கட்டணத்தில் 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே கழித்துக்கொள்ளும் வருமான வரி) பிடிப்பார்கள். வருடத்துக்கு 30,000 ரூபாய்க்கு மேல் என்று இருந்த வரம்பு 2025 ஏப்ரலில் 50,000 ஆனது. காசு போய்விட்டது என்று பதற வேண்டாம், கணக்குத் தாக்கல் செய்யும்போது சேர்ந்துகொள்ளும்.

பலபேர் 44ஏடிஏ என்ற பிரிவில் வரவில் பாதியை லாபமாகக் காட்டி முடித்துவிடுகிறார்கள். அங்கேதான் கவனம் வேண்டும். 1961ஆம் வருடச் சட்டத்தில் அந்தச் சலுகை குறிப்பிட்ட தொழில்களுக்குத்தான்: சட்டம், மருத்துவம், பொறியியல், கட்டடக்கலை, கணக்கு, தொழில்நுட்ப ஆலோசனை, உள் அலங்காரம், அப்புறம் அரசு அறிவித்த சில. கம்யூனிகேஷன் ஆலோசனை என்று அதில் இல்லை.


தட்டுவடை செட் (வெள்ளி, இரவு 8:25)

சார், 'தொழில்நுட்ப ஆலோசனை' என்று போட்டுக்கொண்டால் என்ன? என் நண்பன் அப்படித்தான் போடுகிறான்.


கணக்குப்பிள்ளை (வெள்ளி, இரவு 8:50)

போடலாம். நோட்டீஸ் வந்தால் நவராத்திரி வாழ்த்து எழுதியதில் என்ன தொழில்நுட்பம் என்று நீங்கள்தான் விளக்க வேண்டும். கையேடு எழுதும் மலைக்காரருக்காவது ஏதோ வாதம் இருக்கிறது. உங்கள் பில்களைக் காட்டி ஓர் ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களும் வேறு.

இன்னொன்று, கரன்ட் பில்லைப் பற்றிப் பயப்படுகிறார்கள். தமிழ்நாட்டில் தொழில்முறை ஆட்கள் வீட்டோடு சேர்ந்த, 200 சதுர அடிக்குள் இருக்கும் ஆலோசனை அறையை வீட்டு இணைப்பிலேயே வைத்துக்கொள்ளக் கட்டண விதியில் இடம் இருக்கிறது. மாடி அறைக்கு அது போதும்.


தட்டுவடை செட் (வெள்ளி, இரவு 9:10)

வரியெல்லாம் வரவு வந்தால்தானே சார். எனக்கு ஒரு பார்ட்டி ஏழு மாதமாக 28,000 தரவேண்டும். போன் செய்தால் எடுக்கிறார், நன்றாகப் பேசுகிறார், வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்கிறார். மே மாதம் இரண்டு பெட்டி மாம்பழம் அனுப்பினார், ஒன்று இமாம்பசந்த், ஒன்று மல்கோவா. அம்மா அவரை ரொம்ப நல்லவர் என்கிறார்.


கணக்குப்பிள்ளை (வெள்ளி, இரவு 9:45)

மாம்பழத்தைச் சாப்பிட்டுவிட்டு உத்யம் என்ற அரசின் சிறு தொழில் பதிவுத் தளத்தில் பதிவு செய். இலவசம், ஆதாரும் பான் எண்ணும் போதும். 2006ஆம் வருடச் சிறு தொழில் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாளில் உனக்குப் பணம் வந்தாக வேண்டும். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதக் கூட்டு வட்டியாக. அதைவிட வேலை செய்வது 2023-24 நிதியாண்டிலிருந்து வந்த வருமான வரி விதி. உன் பணத்தைக் கெடுவுக்குள் கொடுக்காமல் இழுத்தடித்தால், கொடுக்கும் வருடம் வரை அந்தச் செலவை அவர் கணக்கில் கழிக்க முடியாது. மார்ச் மாதம் அவருடைய ஆடிட்டரே அவரை விரட்டுவார்.

ஆனால் பதிவுக்கு முன்னால் செய்த வேலைக்கு இதை நம்பி இறங்காதே. பழைய 28,000-க்குப் பேசித்தான் வாங்க வேண்டும். இனி வரும் ஒவ்வொரு பில்லிலும் உத்யம் எண்ணை அச்சடி.


ஓய்வுபெற்ற பி.ஆர்.ஓ. (சனி, காலை 5:40)

தம்பி, அம்மாவை விட்டுப் போன் செய்யச் சொல். "மாம்பழம் நல்லா இருந்துச்சுங்க, பையன் பணம்?" என்று ஒரே வரி.


இருபதாவது வளைவு (சனி, காலை 7:30)

லண்டன் பார்ட்டி வைத்திருக்கிறீர்கள் என்பதால் ஒரு எச்சரிக்கை, மாடி அக்கா. அவர்கள் கடிகாரம் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும். அவர்களுடைய மதியம் 3 மணி நமக்குக் கோடையில் இரவு 7:30, குளிர்காலத்தில் 8:30. அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறுதான் மாறும். நடுவில் அந்த ஒரு வாரம் இருக்கிறதே, அதில் நான் ஒரு லண்டன் - பாஸ்டன் கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்த் தனியாக உட்கார்ந்து காலிப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுகூடப் பரவாயில்லை. அதற்கு முந்தைய வருடம் நான் வந்தபோது எல்லோரும் "நன்றி, வணக்கம்" சொல்லிக்கொண்டிருந்தார்கள்.


அழகாபுரத்து மாடி (மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4:30)

என்ன ஆனது என்று சொல்லாமல் போனால் நன்றாக இருக்காது.

சேகோ முதலாளியிடம் செய்கூலி, சேதாரம் என்றே சொன்னேன். ஆய்வுக்கு ஒரு தொகை, பாதி முன்பணம், அப்புறம் ஆறு மாதத்துக்கு மாதக் கட்டணம். "சேதாரம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கே" என்றார், பத்து சதவீதம் குறைத்தேன், கையெழுத்து ஆயிற்று. கொலுசு சார் அப்பாவுக்கு ஒரு பெட்டி மாம்பழம் கடன், சீசன் வரட்டும்.

விளம்பரம் கிடையாது. ஆலையில் கிழங்கு இறங்குவது முதல் மூட்டை தைப்பது வரை எட்டுப் படங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வரி, மராத்தியிலும் இந்தியிலும். வாங்கும் மொத்த வியாபாரிகள் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்ளும்படி. புழு, அழுகல், கால், ஒன்றும் வராது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை ஒரு படத்துக்குக் கீழே சேர்த்தேன். நானும் பார்த்தேன், முதலாளியும் பார்த்தார், புனேயில் மொழிபெயர்த்தவரும் பார்த்தார். எல்லோருக்கும் திருப்தி. திங்கட்கிழமை அனுப்புவதாக இருந்தது.

சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனேன். அத்தை மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆறாவது படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். களத்தில் காயும் படம். வெள்ளை வெளேரென்று ஜவ்வரிசி, பின்னால் கல்வராயன் மலை, வெயில், அழகான படம்.

"ஏன் கண்ணு, மிதிக்கிறான்னு சொன்னதுக்குத்தானே இதெல்லாம் பண்றே?"

"ஆமாங்க அத்தை."

"அப்ப இவன் ஏன் செருப்போட களத்துல நிக்கிறான்?"

ஓரத்தில், மண்வாரியைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன். கால் விரலுக்கும் ஜவ்வரிசிக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை. நாங்கள் மூன்று பேரும் மலையைத்தான் பார்த்திருக்கிறோம்.

ராத்திரி 9:40-க்கு முதலாளியைக் கூப்பிட்டேன். ராத்திரிக் கட்டணம் போடவில்லை, தப்பு என் மேல். நாளை காலை அத்தையும் ஆத்தூருக்கு வருகிறார், அவர் பிறந்த ஊர் அந்தப் பக்கம்தான். படத்தை மறுபடி எடுக்கிறோம்.


கொலுசுப் பட்டறை (ஞாயிறு, மாலை 5:02)

அத்தைக்கு எவ்வளவு கூலி?


அழகாபுரத்து மாடி (ஞாயிறு, மாலை 5:20)

கேட்டேன். கீரையை நான் உருவ வேண்டுமாம், போகும் வழியில் காரிலேயே. அரைக் கட்டு இருக்கிறது.